சீனா வந்துவிடும் என்ற சாக்கு

பர்மா என்னும் மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவத் தளபதி மின் அவுங் ஹ்லைங் ஆட்சியைப் பறித்தார். அடுத்த சில நாட்களிலேயே, இரவு எட்டு மணியானால் யாங்கூன் முழுவதும் தட்டும் சட்டியும் முழங்கத் தொடங்கின. தீய ஆவியை வீட்டைவிட்டு விரட்ட இப்படித் தட்டுவது பர்மிய வழக்கம். தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் தாமுவே பகுதியும் அந்த முழக்கத்துக்கு நடுவில்தான் இருந்தது. மார்ச் 27, ராணுவ தினம். அன்று ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். தலைநகர் நேப்பிடோவில் நடந்த ராணுவ அணிவகுப்புக்குப் பிரதிநிதிகளை அனுப்பிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இந்தியா ஏன் போனது என்று கேட்டால் நம்மில் படித்தவர்கள்கூடச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "தட்டிக் கேட்டால் பர்மா சீனாவின் மடியில் போய் விழுந்துவிடும்." நான் இதை ஏற்கவில்லை. இந்த வாதம் அறத்தில் மட்டுமல்ல, கணக்கிலும் தோற்றுவிட்டது.

ஷ்வே எரிவாயு வயலைப் பாருங்கள். 1988-இல் மாணவர் எழுச்சியின் பக்கம் நின்ற டெல்லி, 1993 வாக்கில் தளபதிகளின் பக்கம் திரும்பியது. 2004-இல் ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வே என்பவரைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்றது. அரக்கான் கடலில் இருந்த அந்த வயலில் நம் ஓஎன்ஜிசி விதேஷுக்கும் கெயிலுக்கும் பங்கு இருந்தது. வாயு நமக்கு வரும் என்று காத்திருந்தோம். 2007 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் மியான்மருக்கு எதிரான தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் ரத்து அதிகாரத்தால் தடுத்தன. வாயு சீனாவுக்கு என்று முடிவானது. 2013 முதல் குழாய் வழியே யுன்னானுக்குப் போகிறது. இலவு காத்த கிளியாக நின்றோம். வாயைக் கட்டிக்கொண்டதற்குக் கிடைத்த கூலி இதுதான்.

கலாதான் போக்குவரத்துத் திட்டமும் அப்படியே. 2008-இல் ராணுவ அரசோடு கையெழுத்திட்டோம். அது கடந்து போகும் பலெத்வா, 2024 ஜனவரியில் ராணுவத்தை எதிர்க்கும் அரக்கான் படையின் கைக்குப் போய்விட்டது. நாம் யாரைப் பகைக்க அஞ்சினோமோ, அவரால் அந்த ஊரைக் காக்க முடியவில்லை.

இந்த மௌனத்தைத் 'தயக்கம்' என்று சொல்வதே பிழை. தயங்குகிறவன் ஆயுதம் கொடுப்பானா? ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட கணக்கின்படி, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அந்த ராணுவத்துக்குப் போன ஆயுதங்களிலும் ஆயுதத் தயாரிப்புப் பொருள்களிலும் சிங்கப்பூரிலிருந்து சென்றவை 25.4 கோடி டாலர், இந்தியாவிலிருந்து 5.1 கோடி, தாய்லாந்திலிருந்து 2.8 கோடி. சிங்கப்பூரும் தாய்லாந்தும் அங்கம் வகிக்கும் ஆசியான் 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஐந்து அம்ச உடன்பாடு எழுதியது. வன்முறையை உடனே நிறுத்துவதுதான் அதன் முதல் அம்சம்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை நடந்தது. 2008-இல் ஜிம்பாப்வேயில் அதிபர் முகாபே தேர்தல் முடிவை அமுக்கி வைத்திருந்தபோது, நெருக்கடியே இல்லை என்றார் தென்னாப்பிரிக்காவின் தாபோ ம்பெக்கி. பக்கத்திலேயே இருந்த, மக்கள்தொகை குறைந்த போட்ஸ்வானா, முகாபேயின் வெற்றியை ஏற்க மறுத்தது. அதற்காக அந்த நாடு அழிந்துவிடவில்லை.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1964-இல் பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நே வின் கடைகளைத் தேசியமயமாக்கி, 50, 100 கியாத் தாள்களைச் செல்லாதவையாக்கினார். நம்மவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். 1962 சீனப் போரில் அடிபட்டிருந்த டெல்லிக்கு அன்றும் சீனாவை நினைத்துத்தான் அச்சம். ஏற்றி வரக் கப்பல் அனுப்பியது, எதிர்த்து நிற்கவில்லை. அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தவர்கள் சென்னையின் பர்மா பஜாரில் கடை போட்டுப் பிழைத்தார்கள்.

மிசோரம் வேறு வழி காட்டியது. மியான்மரிலிருந்து தப்பி வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டபோது, அன்றைய முதல்வர் சோரம்தங்கா அதை ஏற்க முடியாது என்று பிரதமருக்கே எழுதினார். பல்லாயிரம் சின் மக்களுக்கு அந்தச் சிறிய மாநிலம் சோறும் கூரையும் கொடுத்தது.

2024 பிப்ரவரியில் மியான்மரில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது வரையிலான ஆண்களை அது அழைக்கிறது. தாமுவேயின் தமிழ் இளைஞனுக்கும் அதே வயதுதான். அவன் கையில் கொடுக்கப்படும் துப்பாக்கியில் நம் நாட்டு உதிரிபாகம் இருக்கக் கூடாது. அந்த ஏற்றுமதியை நிறுத்த டெல்லி சீனாவைக் கேட்க வேண்டியதில்லை.