நம்மவர் புதினங்களை நாம் வாசிக்க வேண்டும்

புதினம் வாசிப்பது வீண் வேலை என்னும் எண்ணம் நம்மில் பலரிடம் இன்றும் உள்ளது. ஆனால், தமிழின் முதல் புதினம் 1879இல் அச்சேறிய ஆறே ஆண்டுகளில், 'அசன்பே சரித்திரம்' படைத்தவர் 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்திய கண்டி சித்தி லெப்பை. 1938இல் 'காதலா? கடமையா?' எழுதியவர் நாகூர்ப் பெண்மணி சித்தி ஜுனைதா பேகம். எனவே புதினம் நமக்கு அந்நியமன்று.

நாம் மிகவும் விரும்பும் புதினம் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'. ஊர் முதலாளியின் ஆணவத்தையும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை மார்க்கத்தின் பெயரால் எதிர்த்த அறியாமையையும் அது ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. "நம் குறைகளைப் பிறர் முன் சொல்லலாமா?" என்று கேட்போர் உண்டு. தவறிழைத்தவர் நம் உறவினரே ஆயினும் நீதியின் பக்கம் நிற்கக் கட்டளையிடுவது நம் மார்க்கம். அக்கதை சாடுவது மார்க்கத்தை அன்று. அதன் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியையே.

ஆதலால், வாசிக்காமலேயே தூற்ற வேண்டா; வாசிக்காமலேயே போற்றவும் வேண்டா. அடுத்த முறை தஃப்ஸீர், ஹதீஸ் நூல்கள் வாங்கும்போது, நம்மவர் எழுதிய புதினம் ஒன்றையும் வாங்குவோம். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் அதை வாசிக்கட்டும். உடன்பாடில்லாத இடங்களைப் பற்றிக் கூடிப் பேசுவோம். நம் வாழ்க்கையை நம்மவர் எழுத்தில் நாமே வாசிக்காவிடில், நம்மை அறியாதவர் எழுதுவதே நம் பிள்ளைகளுக்கும் வரலாறாகிவிடும்.