பழைய பாட்டும் புதிய வூஃபரும்

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு பாட்டு ஹிட்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது தனியார் பஸ்ஸும் கல்யாண மண்டபத்து டிஜேயும் மாரியம்மன் பண்டிகையும்தான். ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஸ்பீக்கர் அதிர்ந்தால் சன்னல் கண்ணாடியும் கூடவே அதிரும். வந்த காலத்தில் பெரிதாகப் பேசப்படாத பாட்டுகளுக்கு இப்போது அங்கே கூட்டம் ஆடுகிறது. பழசைத் தோண்டிப் பிழைக்கிறார்கள் என்று இதைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாட்டு எடுபடாமல் போனால் பழியை மெட்டின் தலையில் கட்டிவிடுகிறோம். அது ஒலித்த இடம் பொருந்தாமல் போயிருக்கலாம் என்று யோசிப்பதில்லை. ரீமிக்ஸ் அந்த இடத்தைத்தான் மாற்றுகிறது.

இதற்கு நல்ல சாட்சி இங்கிலாந்தில் கிடைக்கிறது. ஆஷா போஸ்லேயையும் நம் சினிமா இசைத்தட்டுகளையும் கொண்டாடி கார்னர்ஷாப் குழுவின் தேஜிந்தர் சிங் எழுதிய ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’, 1997-இல் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 60-ஆம் இடத்தோடு நின்றுபோனது. ஃபேட்பாய் ஸ்லிம் என்று அறியப்படும் நார்மன் குக் அதை வேகப்படுத்தினார், சுருதியை ஏற்றினார், அடியில் கனமான டிரம்ஸைப் போட்டார். 1998 பிப்ரவரியில் அதே பாட்டு முதலிடம் பிடித்தது. மூலத்தின் நிதானம் உட்கார்ந்து கேட்பவருக்குச் சரி, ஆடுகிற காலுக்குப் போதவில்லை, அவ்வளவுதான். நம்மூரிலும் இது நடந்தது. ஆதித்யன் இசையில் 1995-இல் வந்த ‘அசுரன்’ படத்தின் ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’, 2022-இல் ‘விக்ரம்’ படத்தில் ஒலித்ததும் புதுப்பாட்டாகவே ஆகிவிட்டது. டேப்ரிக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் அமுங்கிக் கிடந்த தாளக்கட்டு, தியேட்டர் சப்வூஃபரில்தான் முழுசாக வெளியே வந்தது. கமல் படம் என்பதால்தானே என்று கேட்கலாம். ஓரளவு நியாயம்தான், படம் பாட்டை வாசல்வரை கொண்டுவந்து விடும். படம் ஓடி முடிந்த பிறகும் ‘இன்னொரு தடவை போடுங்கண்ணா’ என்று பண்டிகையில் கேட்கிறவனுக்கு வேண்டியது அந்தத் தாளம்தான்.

அடுத்தவர் மெட்டில் கைவைப்பது படைப்பாகுமா என்பவர்களுக்குச் சேலத்திலேயே பதில் இருக்கிறது. அந்த ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் இந்தி மெட்டுகளைத் தமிழுக்கு வார்த்துக் கொடுத்தவர் இசையமைப்பாளர் வேதா. ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965) படத்தின் ‘ஓராயிரம் பார்வையிலே’, இந்தியில் ரவி போட்ட மெட்டு. டி.எம்.எஸ். குரலில் கேட்டுவிட்டு அதை இரவல் என்று ஒதுக்கியவர் யார்?

பலன் யாருக்கு என்ற கேள்விதான் உண்மையில் உறுத்துகிறது. ஆதித்யன் 2017-இலேயே காலமாகிவிட்டார். டிஜேயின் பென்டிரைவில் அவர் பாட்டு ‘விக்ரம் சாங்’ ஆகிவிடுகிறது. ‘புது நெல்லு புது நாத்து’ (1991) படத்தின் ‘கருத்த மச்சான்’, 2025-இல் ‘டியூட்’ படத்தால் மறுபடி பரவியபோது இளையராஜா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆடியோ கம்பெனியிடம் உரிமை வாங்கிவிட்டோம் என்பது இத்தகைய வழக்குகளில் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது வரும் ராயல்டியை இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்கிறது 2012 பதிப்புரிமைத் திருத்தம். நாம் பேசும் பாட்டுகளோ அதற்கு முந்தைய ஒப்பந்தங்களில் பிறந்தவை, சிக்கல் அங்கேதான். அதற்காக ரீமிக்ஸே வேண்டாம் என்றால் அந்தப் பாட்டுகள் மறுபடி பரணுக்குத்தான் போகும். மூலப் பாட்டின் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்களைப் படத்தின் டைட்டிலிலும் யூடியூப் தலைப்பிலும் போடட்டும். புது வருமானத்தில் அவர்களுக்கும், இல்லாதபோது குடும்பத்துக்கும், பங்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். அதன் பிறகு வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.