மலையக ரயில் யாருக்கு?



1885இல் நானுஓயா வரை ரயில் வந்தது தோட்ட விளைச்சலைக் கொழும்புக்கு இறக்க. இன்று மலையக ரயிலுக்குக் காசு ஒதுக்கும் பேச்சு வந்தாலே எல்லவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள்தான் முன்னுக்கு வருகிறார்கள். அவர்களும் வரட்டும், நாட்டுக்கு வருமானம் வேண்டும்.

அக்கரப்பத்தனையிலிருந்து பஸ்ஸில் தலவாக்கலைக்கு இறங்கும் நாங்கள் கேட்பது சின்ன விஷயம். நானுஓயாவுக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையே காலையும் மாலையும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளோடு ஒரு ரயில். பத்தனை கல்வியியல் கல்லூரிப் பிள்ளைகள் கொட்டகலையில் ஏறலாம். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மா ஹட்டனில் இறங்கலாம்.

ஒற்றைப் பாதை, நேரம் ஒதுக்குவது சிரமம் என்பார்கள். சுற்றுலா ரயிலுக்கு அதே பாதையில் நேரம் கிடைக்கிறதே!

அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன், எந்தக் கட்சி எம்.பி.யானாலும் இதைக் கேட்போம்.