கதவு திறத்தலும் அடைத்தலும்: ஒளித் தெய்வம் பற்றிய ஒரு மறுப்பு

உலக நாடுகளின் ஒளித் தெய்வங்களைப் பற்றி எழுதப் புகும் நம்மவரிடையே ஒரு வாய்பாடு வழங்குகின்றது. எகிப்தியரின் இரா, கிரேக்கரின் அப்பலோ, பாரசீகரின் மித்திரா, யப்பானியரின் அமதெரசு, வேதத்து உஷை என வரிசையாக நிறுத்துவர். ஒளி அறிவு, இருள் அறியாமை, ஆகவே மனிதன் எங்கணும் ஒளியையே வேண்டி நின்றான் என முடிப்பர். வரிசையின் கடைசியில் நம் அம்மன்மாருக்கும் ஓரிடம் கிடைத்துவிடும். இவ்வாய்பாடு மட்டக்களப்பிற் செல்லாது என்பதே என் வாதம். வாவியின் இரு கரைகளுக்கும் ஞாயிற்றை வைத்தே எழுவான்கரை, படுவான்கரை எனப் பெயரிட்ட மக்களுக்கு ஒளியின் இயல்பைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

வாய்பாட்டின் மூலமும் நமதன்று. ஆரிய மொழியினரின் தொன்மங்களிற் பெரும்பாலானவை ஞாயிறு, வைகறை ஆகியன பற்றிய பழஞ்சொற்களின் பொருள் மறந்தமையாற் பிறந்தவை என 1856 இல் மாக்ஸ் முல்லர் எழுதினார். அப்பலோவுக்கு அஞ்சி ஓடிய தாப்னியும் அவருக்கு வைகறையே. இம்முறையால் எவரையும் ஞாயிறாக்கிவிடலாம் என்று காட்ட, 1870 இல் லிட்டில்டேல் என்பார் மாக்ஸ் முல்லரே ஒரு ஞாயிற்றுத் தொன்மம் என 'நிறுவினார்'. ஐரோப்பியர் நகைத்துக் கைவிட்ட முறை நம் கட்டுரைகளில் இன்னும் உயிர் வாழ்கின்றது.

அமதெரசுவையே எடுத்துக்கொள்வோம். தம்பி சுசனோவோவின் கொடுஞ்செயலால் மனம் நொந்து அவள் குகையினுட் புகுந்து வாயிலை அடைக்கின்றாள். உலகு இருள்கின்றது. ஏனைய தெய்வங்கள் கூடிக் கண்ணாடி தொங்கவிட்டு, கூத்தாடிச் சிரித்து, அவளை வெளியே வரச் செய்கின்றன. மீண்டும் உட்புகாதவாறு அவளுக்குப் பின்னே கயிறொன்றும் கட்டப்படுகின்றது.

இனிச் செட்டிபாளையத்துக்கோ காரைதீவுக்கோ தம்பிலுவிலுக்கோ வாருங்கள். மரபின்படி கண்ணகையம்மன் கோயிற் கதவு ஆண்டில் ஒரு தடவை, வைகாசிப் பூரணையை ஒட்டியே திறக்கப்படும். கல்யாணக்கால் நடப்படும், வழக்குரை படிக்கப்படும், இறுதியிலே குளிர்த்தி. குளிர்த்திப் பாடல் ஒலிக்க, வேப்பிலையும் நீரும் கொண்டு அம்மனின் வெம்மை ஆற்றப்படும். பின்னர் கதவு அடைக்கப்படும். யப்பானியரின் தெய்வம் உள்ளே போகாதிருக்கக் கயிறு கட்டினர். எம்மவரோ தெய்வத்தைக் குளிர்வித்து உள்ளே இருத்தினர். இரண்டையும் ஒரே வரிசையில் எழுதுபவர் எதனை ஒப்பிடுகின்றார்?

வைகாசி, மாரி ஓய்ந்து மாதங்கள் கழிந்து, நிலம் காயும் காலம். அம்மாள் நோய்க்கு அஞ்சிய காலம். என் அம்மம்மா அந்நோயைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார். 'அம்மாள் வந்திருக்கிறா' என்று மட்டும் சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவார். ஞாயிற்றை 'வா' என்றழைக்கும் தேவை அப்போது எவர்க்கும் இல்லை. கார்த்திகை விளக்கீடும் தைப்பொங்கலும் நமக்கு இல்லையா எனக் கேட்பர். உண்டு. அவை இரண்டும் ஞாயிறு முகிலுள் மறையும் மாரிகாலத்தை ஒட்டி வருபவை என்பதையும் கேட்பவர் கவனிக்கட்டும்.

தட்பவெப்பம் மட்டுமே காரணமன்று. சிலப்பதிகாரத்திலே கண்ணகி, தன் கணவன் கள்வனோ என்று ஞாயிற்றையே வினவுகின்றாள். கள்வன் அல்லன், இவ்வூரை எரி உண்ணும் என விடை வருகின்றது. ஒளி அங்கே சான்று கூறுகின்றது. அதே மூச்சில் ஓர் ஊரின் அழிவையும் கூறுகின்றது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிடுமாறு தீக்கு அவள் ஆணையிட வேண்டியிருந்தது. அவள் சினம் நீதியானது. ஆயினும் அது ஆற வேண்டும். ஊர்கள் எரிந்ததைக் கண்ட மாகாணத்தில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. (இளங்கோவும் தம் காப்பியத்தின் வாழ்த்திலே திங்களை முன்னும் ஞாயிற்றைப் பின்னும் வைத்து, உடனே மழையையும் சேர்த்துக்கொண்டார்.)

இது வெறும் ஏட்டு வழக்கன்று. ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதெனக் கண்டித்தார். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பிற்காலத்தில் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி முதலிய பெயர்களைப் பூண்டன. கிழக்கிலோ பெயரும் நின்றது, சடங்கும் நின்றது. வித்துவான் வி. சீ. கந்தையா 1968 இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தபோது, ஊர்களில் ஓதப்பட்டுவந்த ஏட்டையே அச்சேற்றினார். இன்று நித்திய பூசை வேண்டும், கதவை நாளும் திறக்க வேண்டும், தெய்வத்தை இருளிற் பூட்டுவது நிந்தனை என்ற குரல் எழுகின்றது. அக்குரலுக்கு அறிவுச் சாயம் பூசிக் கொடுப்பவை நம் 'ஒளித் தெய்வ'க் கட்டுரைகளே. ஒளி எப்போதும் நன்மையெனின் கதவை அடைப்பானேன் என்ற கேள்வி தானே பிறக்கும். அடைப்பதற்கான காரணத்தைக் குளிர்த்தி சொல்கின்றது. அதனைக் கேட்கத்தான் நாம் ஆயத்தமாக இல்லை.

சென்ற வைகாசியில் ஒரு கோயிலிலே, குளிர்த்தி தொடங்கும் வேளை, வண்ண மின்விளக்குகளை அணைக்குமாறு முதியவர் ஒருவர் கேட்டுக்கொண்டார். ஒளித் தெய்வத்துக்கு விளக்கணைப்பதா என்று அருகில் நின்ற இளைஞர் சிரித்தார். அவர் எம் கலைப்பீடத்து மாணவர்.