கட்டத்தை மறந்த கொள்கை

அமெரிக்க வணிகத் தொலையுணர்வு உரிமங்களில் இருந்த 39 தற்காலிக நிபந்தனைகளை 2023 ஆகஸ்டில் உரிமம் வழங்கும் அரசு அமைப்பான நோவா நீக்கியது. எக்ஸ் பட்டை எஸ்.ஏ.ஆர். (செயற்கைத் துளை ரேடார்) மீதான கெடுபிடிகளும் அவற்றில் அடக்கம். அதையடுத்து உம்ப்ரா நிறுவனம் 16 செ.மீ. பிரிதிறனில் படம் வெளியிட, நம் துறையில் பேச்செல்லாம் அந்த 16 பற்றியே இருந்தது. நீக்கத்தை இவ்விதழ் வரவேற்கிறது. ஆனால் நகரும் இலக்குகளைத் தேடுபவர்களுக்கு 16 செ.மீ. பெரிய வரமல்ல. அவ்வளவு நுட்பம் வேண்டுமானால் ரேடார் பல விநாடிகள் ஒரே இடத்தை உற்றுநோக்க வேண்டும். அதற்குள் ஓடும் லாரி பல செல்களைக் கடந்து இழுபட்டு மங்கிவிடும்.

நமக்கு வேண்டியது இரண்டாவது ஏற்புச் சேனல். 2007இல் ஏவப்பட்ட கனடாவின் ராடார்சாட்-2 செயற்கைக்கோள், நகரும் பொருள்களைக் கண்டறியும் தன் மோடெக்ஸ் சோதனையில் அதன் அருமையைக் காட்டிவிட்டது. 15 மீட்டர் ஆன்டெனாவை இரு பாதியாக்கிக் கேட்டால், ஒரே காட்சி ஏறத்தாழ அரை மில்லிவிநாடி இடைவெளியில் இருமுறை கிடைக்கும். அசையாத தரை கழிந்துபோகும். ரேடார் திசையில் விநாடிக்கு 1 மீட்டர், அதாவது ஆள் நடக்கும் வேகம், சி பட்டையில் சுமார் 6.5 பாகைக் கட்ட வேறுபாடாக மிஞ்சும். வேகம் 10 மீட்டரானால் 65 பாகை. அந்த வேகத்தில் போகும் வண்டி வீச்சுப் படத்தில் சாலையைவிட்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, யாருடைய வயலிலோ தெரியும். கட்டம் கையில் இருந்தால்தான் அதைத் தகுந்த சாலைக்குத் திருப்ப முடியும்.

கட்டத்தையும் கொடுங்கள் என்பதே நம் நெடுநாள் வழக்கு. 2023 ஏப்ரலில் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கை, தரவைத் தரைப் பிரிதிறனால் மட்டுமே அளக்கிறது: 5 மீட்டரும் அதைவிடப் பருமனானதும் இலவசம், நுண்ணியதற்கு அரசு சாராதவர்களிடம் விலை. கட்டம், சேனல் எண்ணிக்கை என்ற பேச்சே இல்லை. 2011 தரவுக் கொள்கை 1 மீட்டரில் கோடு கிழித்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் கோடு நகர்ந்திருக்கிறது, அளவுகோல் மாறவில்லை. கட்டத்தை வீண் சுமையாகக் கழித்துவிட்டு வீச்சுப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதே அலுவலகங்களின் வழக்கமாகிவிட்டது. சிக்கலெண் தரவு கேட்டு எழுதும் ஆய்வு மாணவருக்குப் பதில் வருவதற்குள் உதவித்தொகைக் காலமே முடிந்துவிடுகிறது. கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 இந்திய மண்ணையும் சேர்த்துக் கட்டத்தோடு கூடிய சிக்கலெண் (எஸ்.எல்.சி.) தரவை 2014 முதல் உலகுக்கே இலவசமாகத் தருகிறது. அதில் கசியாத இரகசியம் நம் மாணவர் கையில் கசிந்துவிடுமா? தடை விதிப்பதானால் காரணத்தை எழுதுங்கள், காலக்கெடு வையுங்கள். அமெரிக்காவின் 39 நிபந்தனைகளும் தற்காலிகம் என்று எழுதி வைக்கப்பட்டவை. அதனால்தான் அவை நீங்கின.

இந்தியக் கொள்கைக்கான நடைமுறை விதிகளை, அனுமதி வழங்கும் அமைப்பான இன்ஸ்பேஸ் 2024 மே மாதம் வெளியிட்டுவிட்டது.  ஆனாலும் வாசகர்கள் எழுதுங்கள்: எஸ்.ஏ.ஆர். தரவு எதுவானாலும் எஸ்.எல்.சி. வடிவிலும் கிடைக்க வேண்டும்; இரு சேனல் இருந்தால் இரண்டையும் தனித்தனியே தர வேண்டும்.