காட்டுத் தீயும் தோட்டத்துச் சாளையும்

மாசி மகத் தேர் என்றால் காரமடையில் இரண்டு சேவைகள் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஒன்று பந்த சேவை, இன்னொன்று தண்ணீர் சேவை. தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் அதே மாசியில்தான் மேற்கே மலையில் புல் காய்ந்து நிற்கும். அணையாத ஒரு பீடித் துண்டு போதும், மலை பற்றிக்கொள்ள.

"காட்டில் எரிவது தோட்டத்துக்கு வராது" என்பது பலருடைய நினைப்பு. 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பக்கத்து மலையில் பிடித்த தீ பல நாள் எரிந்தது. கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் மலம்புழா அணையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஹெலிகாப்டர் வருமா என்ன?

தீ சுவர் போல வந்துதான் வீட்டை விழுங்கும் என்று நினைப்பதும் தவறு. காற்றில் பறந்து வரும் கங்குதான் பெரிய எதிரி. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரையும் சுற்றுப்புறத்தையும் அழித்த தீயில் 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் போயின. அங்கே பல இடங்களில் வீடு சாம்பலாகிக் கிடக்க, பக்கத்து மரம் பச்சையாக நின்றது. கங்கு விழுந்த இடத்தில் பற்றிக்கொள்ள ஏதாவது இருந்ததா இல்லையா என்பதே வித்தியாசம்.

இப்போது மலையடிவாரத்துச் சாளை ஒன்றைப் பாருங்கள். வாசலில் ஓலைப் பந்தல், சுவரை ஒட்டி விறகு, கட்டுத்தரைக்குப் பக்கத்திலேயே சோளத்தட்டுப் போர், ஓட்டுக் கூரை இடுக்கில் போன வருடச் சருகு! கங்குக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்காது.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு எரியக்கூடியது எதுவும் வேண்டாம். முப்பது அடிக்குள் காய்ந்த புல்லும் சருகும் கூடாது. நூறு அடி வரை உண்ணிப் புதரைக் குறைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருக்கட்டும். தீ நேரத்தில் கரண்ட் போனால் மோட்டார் உதவாது. தென்னை மட்டையைக் கொளுத்துவதை விட்டு, வெட்டி மரத்தடியில் மூடாக்காகப் போடலாம். தானே வைத்த தீ காட்டுக்குப் போய்த் திரும்பி வருவதும் நடக்கக்கூடியதுதானே?

போரைத் தள்ளி வைத்தால் யானை வந்துவிடும் என்பார்கள். நியாயமான பயம். அதற்காக மொத்தத் தீவனத்தையும் வீட்டோடு ஒட்டி வைப்பதா? ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பக்கத்தில் வைத்து, மீதியை இரண்டு மூன்று சிறு போர்களாகப் பிரிக்கலாம். ஒன்று எரிந்தாலும் மாடு பட்டினி கிடக்காது.

எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவதும் சரியல்ல. மலையில் பச்சைக் கிளையால் அடித்துத் தீயை அணைக்கப் போகிறவர்களில் பழங்குடி மக்களும் உண்டு. அவர்கள் வீடும் காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. கோடைக்கு முன் காட்டுக்குள் தீத்தடுப்புக் கோடு போடும் அரசு, அந்தக் குடியிருப்புகளைச் சுற்றியும் கூலி கொடுத்துப் போட்டால் என்ன? ஹெலிகாப்டர் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

தேர் முடிந்த மறுநாள் ஒரு அரிவாளும் ஒரு விளக்குமாறும் போதும். ஆனி வரை நிம்மதியாகத் தூங்கலாம்.