"இன்னும் படிக்கிறானா?" என்று இனிக் கேட்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கல்யாண வீடுகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு கேள்வி ஓய்வதே இல்லை: "பி.எச்.டி. வாங்கியும் இன்னும் படிக்கிறானா?" போஸ்ட்டாக் ஆய்வில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நேராகவே சொல்கிறேன்: அது படிப்பு அல்ல, வேலை.

என் மாணவன் ஒருவன் ரோபோவைக் கொண்டு உலோகத்தை அச்சிடும் துறையில் ஆய்வு செய்கிறான். "பிரிண்டர் வேலைதானே?" என்று ஒரு பெரியவர் சிரித்தாராம். வெல்டிங் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கம்பியை உருக்கி இரண்டு இரும்பை ஒட்டுவார்கள். இங்கே ரோபோவின் கை உருகிய கம்பியையே வரிமேல் வரியாக அடுக்கிப் பொருளை உண்டாக்குகிறது. கீழ்வரி ஆறுமுன் மேல்வரி விழுந்தால் சூடு தேங்கி வடிவம் சரியும். ஆறும்போது சுருங்கி வளையும். நீளவாக்கில் ஒரு பலம், குறுக்குவாக்கில் வேறு பலம் என்றும் ஆகலாம். எவ்வளவு வேகம், எவ்வளவு மின்சாரம், எத்தனை நொடி இடைவெளி என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பிள்ளைகளின் வேலை.

ஆம்ஸ்டர்டாமில் 2021 ஜூலையில் திறந்த, சுமார் 12 மீட்டர் நீளமுள்ள எஃகு நடைபாலம் இப்படி ரோபோக்கள் அச்சிட்டதுதான். அது ஆட்களைத் தாங்குமா என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அதையும் 'படிப்பு' என்பீர்களா?

நாம் கேலியாகச் சொல்லும் இதே சொல் அவர்கள் வயிற்றிலும் அடிக்கிறது. மத்திய அரசு 2023இல் உயர்த்திய பிறகு ரிசர்ச் அசோசியேட்டுக்கு மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய், வாடகைப்படி தனி. தொகை பரவாயில்லை என்பீர்கள். ஆனால் அதன் பெயர் சம்பளம் அல்ல, உதவித்தொகை. பஞ்சப்படி கிடையாது. திட்டம் முடிந்தால் வேலையும் போச்சு. முப்பது வயது தாண்டி, பிள்ளைகுட்டியோடு இருப்பவரை 'மாணவர்' கணக்கில் வைத்தால்தானே இப்படி நடத்த முடியும்?

பேராசிரியர்களாகவும் துறைத்தலைவர்களாகவும் இருக்கும் என் மாணவர்களே, உங்களுக்குத்தான் இது முக்கியமாக. வருடா வருடம் நீட்டிப்புக்காக அவர்களைக் காக்க வைக்காதீர்கள். திட்டக்காலம் முழுவதற்கும் சேர்த்தே ஆணை கொடுங்கள். உழைத்தவர் பெயரைக் கட்டுரையில் முதலில் போடுங்கள்.

உறவினர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த விசேஷத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்தால், "எப்போ முடியும்?" என்று கேட்காதீர்கள். "என்னப்பா செய்துகொண்டிருக்கிறாய்? எனக்கும் புரியும்படி சொல்லு" என்று கேளுங்கள். உட்கார்ந்து கேட்கவும் செய்யுங்கள்.